கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வராவிட்டால்: தேதி, தாள், செலவு

2022 ஜூன் 14ஆம் தேதி, என் நகைகளை அடகு வைத்து மூன்றரை லட்சம் ரூபாய் கைமாற்றுக் கொடுத்தேன். வாங்கியவர் என் கணவரின் நெடுநாள் நண்பர். எங்கள் பிள்ளைகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் சீட்டு) வாங்கினோம், பிறகு செக்கும் வாங்கினோம். இரண்டும் கையில் இருந்தும் பணம் வந்து சேர மூன்றரை வருடம் ஆனது. அந்தக் காலத்தில் பாதி, விவரம் தெரியாமல் நான் காத்திருந்ததால் போனது.

வக்கீலம்மா முன்னால் முதல்நாள் உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் புரோநோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "எத்தனாம் தேதிம்மா எழுதுனது?" அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது யார் என்னிடம் வந்து கேட்டாலும் நானும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

நண்பருக்கோ உறவினருக்கோ கொடுத்த கடனை, தமிழ்நாட்டில், சட்டப்படி திரும்பப் பெறுவதற்கான வழியை மட்டும் இங்கே எழுதுகிறேன். வட்டிக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு உரிமம் வேண்டும், அவர்களுக்கான விதிகள் வேறு. கடைசியில் நீங்கள் ஒரு வக்கீலிடம் போகத்தான் வேண்டியிருக்கும். போகும்போது என்ன கேட்பது, எதை எடுத்துப்போவது என்று தெரிந்து போங்கள்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

கடன் வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம். பணம் உண்மையிலேயே கொடுத்ததுதானா, வாங்கியவர் கெட்டவரா நல்லவரா என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான். கெடு தாண்டிவிட்டால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

இதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய புரோநோட்டுக்கு, நாம் கேட்ட நாளிலிருந்து மூன்று வருடம் என்று நினைத்துக்கொள்கிறோம். எழுதிய நாளிலிருந்தே கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. என் புரோநோட்டுக்கு 2025 ஜூன் நடுவோடு கெடு முடிந்தது. நான் வக்கீல் அலுவலகத்துப் படியேறியபோது அந்த மூன்று வருடத்தில் ஒன்றரை வருடம் ஏற்கெனவே போயிருந்தது.

கெடுவை நீட்டிக்க வழி இருக்கிறது. மூன்று வருடம் முடிவதற்குள், கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு கடனாளி எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதி கொடுத்தாலும் அப்படியே. ஆனால் கொடுத்ததற்கு அடையாளமாக அவர் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கினார்களே, அது இதற்காகத்தான். "இன்றைய தேதியில் ரூ. 5,000 வரவு" என்று எழுதி, தேதியோடு அவர் கையெழுத்தை வாங்குங்கள். நீங்களே எழுதி வைத்துக்கொண்டால் பயனில்லை.

மூன்று வருடம் முடிந்துபோனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பழைய கடனைத் தருவதாக அவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செல்லும். அதற்கு அவர் மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. விடுமுறையில் கெடு முடிந்தால் திறக்கும் நாளில் வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். என் வக்கீலம்மா ஏப்ரலிலேயே பிராதை, அதாவது வழக்கு மனுவை, தாக்கல் செய்துவிட்டார்.

2. இருக்கிற தாள்களையெல்லாம் ஒரே இடத்தில் பரப்பி வையுங்கள்

ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். எடுத்து வைக்க வேண்டியவை:

- புரோநோட்டு மூலம், அல்லது கடன் பற்றி எழுதிக்கொடுத்த எந்தத் தாளும்
- செக், அது திரும்பியிருந்தால் வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோ
- பணம் போன நாளின் வங்கிக் கணக்கு அறிக்கை
- அந்தப் பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான தாள்: நகைக்கடன் ரசீது, வைப்புநிதி முடித்த சீட்டு, சம்பளச் சீட்டு
- வாட்ஸாப் உரையாடல், ஜீபே பதிவுகள், பேச்சின் ஒலிப்பதிவு
- அவருடைய இப்போதைய முகவரி, முடிந்தால் வேலை செய்யும் இடமும்

"உங்களுக்கு ஏது அவ்வளவு பணம்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கேட்பார். அப்போது கொடுக்கும் வசதி உங்களுக்கு இருந்தது என்று காட்டியாக வேண்டும். என் நகைக்கடன் ரசீதும், அந்தத் தொகை என் கணக்கில் ஏறி மறுநாளே அவர் கணக்குக்குப் போன வங்கி வரியும் என்னைக் காப்பாற்றின.

புரோநோட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் விழும்படி கையெழுத்து இருக்கிறதா? ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட்டு ஆதாரமாக ஏற்காது. பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்யவும் முடியாது. தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா? எழுதிய ஊர் பெயர் இருக்கிறதா? எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்பதற்கு அந்த ஊர் பெயர் உதவும். "தாங்களாவது தங்கள் உத்தரவு பெற்றவராவது கேட்கும்போது" என்ற பழைய வாசகம் இருக்கிறதா? அது ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சாட்சிக் கையெழுத்துள்ள தாளில் அந்த வாசகம் இல்லாவிட்டால், இது புரோநோட்டே இல்லை, வேறு வகைப் பத்திரம், இதற்கு முத்திரைத் தீர்வை வேறு என்று வாதாட இடம் கிடைத்துவிடும்.

என் புரோநோட்டில் ஒரு ஓட்டை இருந்தது. கடையில் வாங்கிய அச்சடித்த படிவம். அதில் "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சாகியிருந்ததை யாரும் அடிக்கவில்லை. பணம் போனதோ வங்கி வழியாக. எதிர்த்தரப்பு பதிலுரையில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, "வங்கியில் வந்தது வேறு கணக்கு, புரோநோட்டில் சொன்ன ரொக்கம் வரவேயில்லை" என்று எழுதினார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. நீங்கள் எழுதி வாங்கும்போது, பணம் எப்படிப் போனதோ அப்படியே எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்று. வங்கியில் அனுப்பும்போது குறிப்புப் பெட்டியில் "கைமாற்று" என்று ஒரு சொல் போடுங்கள்.

ரொக்கம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், கோர்ட்டில் உங்களையும் குடைவார்கள். வங்கி வழியாகவே கொடுங்கள்.

தாளை லேமினேட் செய்யாதீர்கள். எழுதி முடித்த தாளில் பிறகு எதையும் சேர்க்காதீர்கள், திருத்தாதீர்கள். முக்கியமான இடத்தில் ஒரு திருத்தம் விழுந்தாலே புரோநோட்டு செல்லாமல் போகலாம். வக்கீலிடம் மூலத்தைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

வாட்ஸாப்பைக் காட்ட வேண்டுமென்றால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். வக்கீல் தயார் செய்வார். உங்கள் வேலை, அந்தக் கைபேசியை மாற்றாமல், உரையாடலை அழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பது.

3. எவ்வளவு கேட்கப் போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். புரோநோட்டில் வட்டி வீதமே எழுதாவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80ஆம் பிரிவு 18 சதவீதம் என்கிறது. வாயால் பேசிய மூன்று வட்டி, ஐந்து வட்டியெல்லாம் கோர்ட்டில் எடுபடாது. எடுபடாதது மட்டுமில்லை, தமிழ்நாட்டின் 2003ஆம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். அதில் மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

என் கணக்கைக் காட்டுகிறேன். அசல் 3,50,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் பதினெட்டு மாத வட்டி 63,000. 2023 டிசம்பரில் அவர் அசலில் 50,000 கொடுத்தார். மீதி 3,00,000க்குப் பதினாறு மாத வட்டி 48,000. வழக்குப் போட்ட அன்று மொத்தப் பாக்கி 4,11,000. இப்படி ஒரே தாளில் தேதிவாரியாக எழுதி வைத்துக்கொண்டால் நோட்டீஸிலும் பிராதிலும் ஒரே தொகை வரும். தொகை முன்னுக்குப் பின் முரணாக வந்தால் அதுவே எதிர்த்தரப்புக்கு ஆயுதம்.

இந்த நேரத்திலேயே அவர் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்றும் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை இலவசமாகப் பார்க்கலாம். வழக்கு வரும் என்று தெரிந்ததும் வீட்டை மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ மாற்றுகிற அவசரம் தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கச் சொல்லி மனுப் போட வழி உண்டு. அதற்கு வெறும் சந்தேகம் போதாது, ஆதாரம் காட்ட வேண்டும்.

4. வக்கீல் நோட்டீஸ்

நோட்டீஸ் அனுப்புவது சண்டைக்கு இழுப்பது என்று நினைத்து நான் பல மாதம் தள்ளிப்போட்டேன். உண்மையில் பல பேரிடம் அது பேச்சுவார்த்தையைத் திறக்கிறது. பதில் வந்தால் அவர் என்ன சொல்லித் தப்பப் போகிறார் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எனக்கு நோட்டீஸுக்கு 2,000 ரூபாய் ஆனது. ஊருக்கு ஊர், வக்கீலுக்கு வக்கீல் மாறும். தபாலில் கவனம் வையுங்கள்: 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் பார்த்து உடனே அச்செடுத்து வையுங்கள். அவர் வாங்க மறுத்து "மறுத்தார்" என்று உறை திரும்பி வந்தால் கவலை வேண்டாம். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

5. செக் இருந்தால் நாட்களை எண்ணுங்கள்

செக் வழக்கு பலமான வழி. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். கையெழுத்து அவருடையதுதான் என்றால், கடனுக்காகக் கொடுத்த செக் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் நாள் கணக்கில் துளியும் தளர்வில்லை:

- செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும்.
- திரும்பிய தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.
- நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம்.
- அந்த 15 நாள் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு.

எடுத்துக்காட்டாக, ஜனவரி 5 அன்று செக் திரும்பிய தகவல் வருகிறது. பிப்ரவரி 4க்குள் நோட்டீஸ் போக வேண்டும். பிப்ரவரி 10 அன்று அவர் வாங்கினால் 25 வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன் போட்ட வழக்கு செல்லாது. 26ஆம் தேதியிலிருந்து ஒரு மாதம் உங்களுக்கு. மெமோ கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. வழக்குப் போடத் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லலாம். நோட்டீஸின் 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எந்த ஊர்க் கோர்ட்டு? செக்கை நீங்கள் உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டு. அவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம்.

இனி என் கதை. செக்கின் தேதி 2023 நவம்பர் 6, தொகை 3,50,000. அசலுக்காகக் கொடுத்தது. 9ஆம் தேதி "போதிய பணம் இல்லை" என்று திரும்பியது. போன் செய்தால், "தங்கச்சி, ஒரு மாசம் பொறு, நெல்லு வித்ததும் தர்றேன்" என்றார். பொறுத்தேன். நோட்டீஸுக்கான 30 நாள் போயிற்று. டிசம்பர் 20 அன்று ஜீபேயில் 50,000 போட்டு, "அசலில் 50,000" என்று ஒரு செய்தி அனுப்பினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, மனிதர் மாறிவிட்டார் என்று.

ஜனவரியில்தான் ஒருவர் சொன்னார்: செக்கின் மூன்று மாதம் முடியும்வரை மறுபடியும் வங்கியில் போடலாம், மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும் என்று. அது சரியான தகவல், உச்ச நீதிமன்றம் 2012இலேயே ஏற்றுக்கொண்டது. 22ஆம் தேதி போட்டேன், திரும்பியது. மெமோவோடுதான் வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் ஜீபே பதிவைப் பார்த்ததும் நிமிர்ந்தார். செக் மூன்றரை லட்சத்துக்கு. அதைப் போட்ட அன்று அசல் பாக்கி மூன்று லட்சம். இடையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138ஆம் பிரிவுக் குற்றம் ஆகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. செக் வழக்கைக் கைவிட்டோம்.

ஆகவே செக் கையில் இருக்கும்போது ஒரு பகுதிப் பணம் வந்தால், அன்றைக்கே மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்குங்கள். முடியாவிட்டால் பழைய செக்கிலேயே வரவைக் குறித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் போடுங்கள். பணம் வந்த மகிழ்ச்சியில்தான் இதை மறந்துவிடுகிறோம்.

6. போலீஸுக்குப் போகலாமா?

கடனை வசூலித்துத் தருவது போலீஸின் வேலை இல்லை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு போலிப் பத்திரம் காட்டி, பல பேரிடம் ஒரே கதை சொல்லி வாங்கியிருந்தால் அது மோசடிப் புகார், தாராளமாகப் போகலாம். வெறும் வாங்கிய கடனைத் தரவில்லை என்பது சிவில் விவகாரம் என்றே எழுதி முடித்துவிடுவார்கள். அந்தப் புகாரின் பின்னால் ஓடும் மாதங்களில் மூன்று வருடக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்பது, வண்டியைப் பிடுங்கி வருவது, இரவில் போன் போட்டு மிரட்டுவது, கட்டப்பஞ்சாயத்து ஆளிடம் போவது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்க வேண்டிவரும். அந்த வீட்டில் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

7. சிவில் வழக்கு: என்ன செலவு, எவ்வளவு காலம்

தொகையைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டு, சப் கோர்ட்டு, மாவட்டக் கோர்ட்டு என்று மாறும். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017க்கு முன் ஏழரை சதவீதமாக இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்லிப் பயமுறுத்துவார்கள். என் 4,11,000க்கு 12,330 ரூபாய் கட்டினேன். வக்கீல் கட்டணம் 25,000, இரண்டு தடவையாக. பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் பணம்), நகல், தட்டச்சு என்று மூவாயிரத்துக்குக் கிட்ட வந்தது. கட்டணத்தை முதலிலேயே பேசி, எந்த நிலையில் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் உண்டு. வக்கீல் கட்டணம் மட்டுமில்லை, கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடங்கும். மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். எனக்கு இது தெரிந்தபோது பணம் கட்டியாகிவிட்டது.

வழக்கு எண் விழுந்ததும் சம்மன் போகும். பேட்டா கட்டினால்தான் சம்மன் நகரும், கட்டியாயிற்றா என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். பதினாறு எழுத்துள்ள வழக்குக் குறியீட்டு எண்ணை வாங்கி ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டால், அடுத்த வாய்தா எப்போது, கடைசியாக என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வரவே இல்லை என்றால் ஒருதலைத் தீர்ப்பாகச் சில மாதத்தில் முடியலாம். வந்து ஒவ்வொன்றையும் மறுத்தால் வருடக் கணக்கில் போகும். புரோநோட்டு வழக்கைச் சுருக்க விசாரணை முறையில் நடத்தவும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 37 என்று ஒரு வழி இருக்கிறது. உங்கள் கோர்ட்டில் அது தோதுப்படுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் செக் வழக்கு அதோடு முடிந்துவிடும், சிவில் வழக்கு முடியாது. அவர் விட்டுப்போன சொத்து யாரிடம் போனதோ, அந்தச் சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பு. அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்ததிலிருந்து கேட்க முடியாது.

8. லோக் அதாலத்

இது இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம். வழக்கே போடாமலும் இங்கே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டுமே முடிவு. முடிந்தால் அது சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

2025 செப்டம்பரில் எங்கள் வழக்கு அங்கே போனது. ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், தலைமாட்டில் நீதிபதி. அவர் மனைவியும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசவில்லை. 4,11,000 கேட்டிருந்தேன். 3,60,000 என்று முடிந்தது, மூன்று தவணை, தவணைக்கு 1,20,000. 51,000 விட்டுக்கொடுத்தேன். இன்னும் மூன்று வருடம் வாய்தாவுக்கு அலைவதை நினைத்துப் பார்த்து எடுத்த முடிவு. உங்களுக்கு அது சரிப்படாவிட்டால் மறுத்துவிடலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்: ஒவ்வொரு தவணைக்கும் குறிப்பிட்ட தேதி, எந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் வட்டியோடு ஒரே தடவையில் வசூலிக்கும் உரிமை. மூன்றாவது வரியை எங்கள் தாளில் முதலில் எழுதவில்லை. வக்கீலம்மா கேட்டுச் சேர்த்தார்.

9. தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால்

நிறைவேற்று மனுப் போட வேண்டும், கோர்ட்டில் ஈ.பி. என்பார்கள். அதற்குப் பன்னிரண்டு வருடம் கெடு இருக்கிறது. சொத்தை ஜப்தி செய்யலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம், சம்பளத்தில் பிடிக்கலாம். சம்பளம் என்றால் முதல் 1,000 ரூபாயைக் கழித்து மீதியில் மூன்றில் ஒரு பங்குதான் பிடிக்க முடியும், அதுவும் ஒரு தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம் வரை. ஓய்வூதியத்திலும் வருங்கால வைப்புநிதியிலும் கைவைக்க முடியாது. அவர் வேலை செய்யும் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

நடுவில் உங்களுக்கு மஞ்சள் கடுதாசி வந்தால், "ஐ.பி. கொடுத்துட்டான், எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நொடித்துப்போனதாக அறிவிக்கச் சொல்லி அவர் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். குறித்த தேதியில் ஆஜராகி, உங்கள் கடனைப் பதிவு செய்து, சொத்தை மறைத்திருந்தால் அதையும் சொல்லி எதிர்க்கலாம்.

10. நோட்டீஸ் உங்களுக்கு வந்திருந்தால்

வாங்க மறுக்காதீர்கள், பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள். சம்மன் வந்த பிறகு பதிலுரைக்கு 30 நாள், கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை. போகாமல் இருந்து ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை நீக்கக் கேட்க 30 நாள். கடனை அடைத்தவர் என்றால் வங்கிப் பதிவுகளைத் தேதிவாரியாக எடுத்துக்கொண்டு போங்கள். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு, "நான் நிரப்பவில்லை" என்று சொல்வது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கடனை அடைத்த அன்றே செக்கையும் புரோநோட்டையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

எங்களுக்குக் கடைசித் தவணை 2025 டிசம்பரில் வந்தது. பணம் முழுவதும் வந்துவிட்டதாகக் கோர்ட்டில் மெமோ கொடுத்துப் பதியவைத்தோம். அவருக்கும் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், அது அவருடைய உரிமை. கோர்ட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் வேலையைத் தனியாகக் கேட்டு, வக்கீலம்மா மூலமாகச் செய்தேன். நீங்களும் மறக்காமல் கேளுங்கள். அந்த வாரமே வங்கிக்குப் போய் நகைகளை மீட்டேன். அடகுச் சீட்டின் நகல் ஒன்றை மட்டும் வழக்குக் கட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.